கோட்டைச் சுவரில் குடியிருக்கும் பல்லி



நீதிமொழிகள் நூலின் 30-ஆம் அதிகாரத்தில், உருவில் சிறியவையானாலும் அறிவில் சிறந்தவை என்று நான்கு உயிர்களைப் பற்றி வாசிக்கிறோம். அவற்றில் கடைசியாக வருவது பல்லி. கைக்குள் அடங்கிவிடும் அந்த உயிருக்கு அரசனின் மாளிகையில் இடம் உண்டு என்கிறது மறைநூல்.

ஆஸ்பத்திரிக்காக வேலூர் போகாத குடும்பம் நம் பங்கில் குறைவு. போனவர்கள் கோட்டையையும் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து ஒரு சிறிய பகல் பல்லியைப் புதிய இனம் என்று 2000-ஆம் ஆண்டில் இந்திரநீல் தாஸ், ஆரன் பவர் என்ற இரு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அறிவியல் பெயர் நெமாஸ்பிஸ் ஓட்டாய்.

நம் வீட்டுப் பல்லி இரவில் டியூப்லைட் ஓரம் பூச்சிக்குக் காத்திருக்கும். இது பகலில் நடமாடும். கண்பாவை வட்டமாக இருக்கும். சுவரில் ஒட்டிக்கொள்ள அகன்ற விரல் பட்டை இதற்கு இல்லை. மெல்லிய விரல்களின் நகத்தைக் கருங்கல்லின் சொரசொரப்பில் ஊன்றியே ஏறுகிறது. மூடித் திறக்கும் இமையும் கிடையாது. கண்ணை மூடிய தெளிந்த படலத்தைத் தன் நாக்காலேயே துடைத்துக்கொள்ளும். இத்தனை நுணுக்கமாக அதைப் படைத்தவர்தான் நம்மையும் படைத்தார்.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815-இல் பிடித்த ஆங்கிலேயர், பிறகு இந்தப் பல்லி வாழும் வேலூர்க் கோட்டையில்தான் சிறை வைத்தார்கள். 1832-இல் அவர் அங்கேயே இறந்தார். அவருடைய நாடான இலங்கையில் இந்தப் பல்லியின் உறவினங்கள் முப்பதுக்கும் மேல் உண்டு. சிலவற்றுக்கு ஒரே ஒரு குன்றும் அதைச் சுற்றிய காடும்தான் உலகம். அந்தக் குன்று போனால் ஓர் இனமே போய்விடும்.

விலங்கும் பறவையும் அழிந்தால் நம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் புழு பூச்சியும் ஊர்வனவும் அதே அளவு தேவை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் நினைவூட்டினார். நாமோ பல்லி மேலே விழுந்தால் பலன் பார்க்கிறோம், சத்தமிட்டால் சகுனம் பார்க்கிறோம், பிறகு துடைப்பத்தை எடுக்கிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. நம் ஊரான பள்ளிப்பட்டைச் சுற்றியும் பாறைக் குன்றுகள் இருக்கின்றன. அவற்றை வெறும் ஜல்லியாகப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

கல்லறைத் திருநாள் வருகிறது. கல்லறை மதிலைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிக்கப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல் இடுக்கில் வெள்ளையாக, சிறிதாக, இரண்டிரண்டாக முட்டைகள் ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடியுங்கள்.