பூனைக்குப் பழக்கமும் நமக்குக் கடமையும்

பிற உயிரின் இயல்பை நம் வசதிக்காக மாற்றுதல் அறமாகுமா?

அமெரிக்க ஜாஸ் இசைவாணர் சார்லஸ் மிங்கஸ் (1922–1979) தம் பூனையை வீட்டுக் கழிப்பறையிலேயே மலசலம் கழிக்கப் பழக்கி, அம்முறையைத் துண்டுப் பிரசுரமாகவும் வெளியிட்டார். கிழித்த செய்தித்தாள் இட்ட அட்டைப் பெட்டியைச் சிறிது சிறிதாகக் கழிப்பறைக்கு நகர்த்தி, பின் பீடத்தின்மேல் ஏற்றி, பெட்டியின் அடியில் துளையிட்டு, அத்துளையை நாளடைவில் பெரிதாக்கி, இறுதியில் பெட்டியையே நீக்கிவிடுதல் அம்முறையாகும். பூனையை அவசரப்படுத்தலாகாது என்றும் அவர் எச்சரித்தார். அடிக்கு இடமின்றிப் பொறுமையை நம்பிய அம்முறை போற்றத்தக்கதே.

ஆயினும் இதனால் நன்மை யாருக்கு? மண்ணைத் தோண்டிக் கழித்து மூடுதல் பூனையின் இயல்பு. அவ்வின்பத்தை அது இழக்கின்றது. முதுமையிலோ நோயிலோ வழுக்கும் விளிம்பில் ஏறி நிற்றல் அதற்குத் துன்பம். சிறுநீர் அடைப்பு ஆண் பூனையின் உயிரையே பறிக்கவல்லது. மணல் தட்டை நாள்தோறும் துப்புரவு செய்பவன் அதன் அறிகுறியை விரைவில் காண்பான். நீரோடு போய்விட்டால் யார் காண்பார்? பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி நீர்வழியே கடலை அடைந்து, கலிபோர்னியக் கரையில் கடல்நீர்நாய்களையும் கொன்றுள்ளது.

ஆதலின், உயிரொன்றை வளர்க்கத் துணிந்தவன் அதன் கழிவையும் தன் கையால் அகற்றக் கடமைப்பட்டவன். அதில் இழிவில்லை. கழிவைப் பிறர் அள்ளட்டும் என்று ஒதுங்கிய மனம் இந்நாட்டில் விளைத்த தீங்கை நம்மினும் அறிந்தவர் யார்?