யாருடைய மணித்தியாலம்?

குடும்பத்தையும் சொந்த விருப்பங்களையும் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் 'சமநிலை' என்ற சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. வேலைக்கும் வீட்டுக்கும் சமநிலை, உடலுக்கும் உள்ளத்துக்கும் சமநிலை என்று ஆலோசனை சொல்லாதவர் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் தோன்றுவது ஒரு தராசுதான். தராசோடு பிழைக்கும் ஊர் எங்களுடையது. தலவாக்கலை நகரின் கடைகளில் எம்மவர் தலைமுறையாகத் தராசு பிடித்தவர்கள். நகரைச் சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து பறிப்போரின் நாளையும் தராசுதான் தீர்மானிக்கிறது. ஆகவே, நிறுப்பதற்கு முன்னர் பொருள் யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது இரு தரப்பாருக்கும் பழகிப்போன உண்மை. நேரத்தை நிறுக்கும்போது மட்டும் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

எனக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஆசிரியையாகத் தொழில் பார்க்கிறேன். பாடசாலையில் படித்த காலந்தொட்டு நீண்ட தூரம் ஓடுவது எனது பழக்கம். முக்காட்டோடு ஒரு பெண் பாதையில் ஓடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது தனியாக எழுதவேண்டிய விடயம். வீட்டை அழகுபடுத்தும் விருப்பம் ஓட்டத்துக்கும் முந்தியது. சுவருக்கு நிறம் தெரிவதும் திரைச்சீலை தைப்பதும் உம்மாவின் கையிலிருந்து என் கைக்கு வந்தவை.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணக்குக் கொள்ளும் இயல்புடையவை. நீண்ட தூர ஓட்டத்துக்கு முதலில் வேண்டியது துண்டுபடாத நேரம். மூன்று வயதுப் பிள்ளை விட்டுவைக்காத ஒன்று இருக்குமானால் அதுவும் துண்டுபடாத நேரந்தான். வீட்டு அலங்காரமோ, வைத்தது வைத்த இடத்தில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. எடுத்துப் பார்க்காத எந்தப் பொருளையும் பிள்ளை பொருளாகவே கணக்கெடுப்பதில்லை. போதாததற்கு எங்கள் ஊரின் காலநிலை. ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், மழையும் மூடுபனியுமாய்க் கிடக்கும் மாதங்களில், சுவர் வியர்த்து வர்ணம் பொருக்குவிடும். நோன்புப் பெருநாளைக்குப் பூசியது ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இதையெல்லாம் ஒரு பிரச்சினை என்று எழுதத் தகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலையில் ஹட்டன் பாதை வழியே, சென்கிளயர் அருவி தெரியும் இடம்வரை ஓடித் திரும்பும்போது, பெரட்டுக்குப் போகும் பெண்கள் எதிரே வருவார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவை நோக்கிப் போகிறவர்களும் அவர்களில் இருப்பர். ஒரு நாளில் அவர்கள் ஏறி இறங்கும் மலைக்கு முன்னால் எனது ஓட்டம் ஒன்றுமில்லை. அவர்களுக்கும் பிள்ளைக்கும் இடைப்பட்ட நேரத்தை வேறு யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்குப் பாலூட்டுவதற்கென வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகள் கொடுபட வேண்டும் என்கிறது இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம். வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வோர் இடைவேளையும் 30 நிமிடம். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். உரிமை என்ற வகையில் இது பெரிது. ஆனால், தாயின் நேரம் தொழிலுக்குச் சொந்தமானது, அதிலிருந்து பிள்ளைக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கப்படுகிறது என்ற எண்ணமும் அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. அப்பெண்களிடம் போய்ச் சமநிலை பற்றிக் கதைத்தால் அது கேலியாகவே முடியும். பங்கிடுவதற்குக் கையில் ஏதாவது இருப்பவருக்கான சொல் அது.

என்றாலும், ஓட்டமும் அலங்காரமும் வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு, பிள்ளை பெற்றவள் அவற்றை மூட்டை கட்டிவிடுவதே முறை என்று தீர்ப்புச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தீர்ப்பு லயத்துப் பெண்களையே சரியாகப் பார்க்கவில்லை. 10 அடிக்கு 12 அடி என்று சொல்லப்படும் லயத்துக் காம்பராவுக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும்: மெழுகிய தரை, சுவரில் ஒழுங்காக ஒட்டிய கலண்டர் படங்கள், வாசலில் பழைய பால்மா டின்னில் ஒரு பூச்செடி. பெரும்பாலான லயங்களில் குடியிருப்போருக்கு அந்த வீட்டின்மீது உறுதிப்பத்திரம் கிடையாது. சொந்தமில்லாத சுவரை, நாள் முழுதும் மலையில் நின்று வந்த ஒருத்தி ஏன் அழகுபடுத்துகிறாள்? வயிற்றோடு தொடர்பில்லாத ஒரு தேவை மனிதருக்கு இருக்கிறது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. அரசாங்கமும் ஒரு தடவை அதை ஒப்புக்கொண்டதுண்டு. 2012இல் மேல் கொத்மலை மின் திட்டம் இயங்கத் தொடங்கிய பின்னர், ஆற்று நீர் முழுவதும் மின்சாரத்துக்கே போய்விடாமல் பகல் வேளையில் சென்கிளயர் அருவிக்கென ஒரு பங்கு விடப்படுகிறது. 150 மெகாவோட் மின்சாரத்துக்கு எதிரே கண்ணுக்கு ஒரு பங்கு. வாழ்வதற்கு அவசியமில்லை என்பதால் ஒன்று மதிப்பற்றதாகிவிடுவதில்லை.

ஆகவே, ஓடலாமா கூடாதா என்பதில் எனக்குச் சிக்கலில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஓடும் தாய்மாரைப் பற்றி உலகம் எழுதும் விதத்தைப் பார்த்தால் அது விளங்கும்.

பிரித்தானியாவின் போலா ரட்கிளிஃப் 2007 ஜனவரியில் மகளைப் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் நியூயோர்க் மரதன் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். ஜஸ்மின் பாரிஸ் 2019 ஜனவரியில், இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்து எல்லை வரையான 268 மைல் மலைவழியை 83 மணித்தியாலம் 12 நிமிடத்தில் கடந்து, ஆண்களையும் முந்தி வென்றார். 14 மாத மகளுக்காக வழித் தங்கல்களில் தாய்ப்பால் எடுத்து வைத்துக்கொண்டே அவர் ஓடினார். கென்யாவின் ஃபெய்த் கிப்யெகோன் 2018இல் தாயானார். அதன் பின்னர் 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் 1,500 மீற்றரில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். எங்கள் நாட்டிலோ, முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தமது 72ஆவது வயதில் தங்கப் பதக்கங்கள் வென்றார்.

இச்செய்திகளிலிருந்து மக்கள் எடுக்கும் படிப்பினை இரண்டு வகை. மனமிருந்தால் எல்லாம் முடியும் என்பது ஒன்று. பிள்ளை வளரட்டும், எழுபதிலும் ஓடலாமே என்பது மற்றது. எங்கள் மாமி இரண்டாவதைச் சொல்வார், அன்போடுதான் சொல்வார். முதற் படிப்பினையிடம் நான் கேட்க விரும்புவது, அந்த 83 மணித்தியாலமும் பிள்ளை யாருடைய மடியில் இருந்தது என்பதையே. மனவுறுதி ஓடுபவரின் காலைத் தூக்கும், பிள்ளையைத் தூக்காது. இரண்டாவது படிப்பினைக்குச் சொல்லக்கூடியது, எழுபது வயதும் அப்போது ஓடக்கூடிய முழங்காலும் எல்லோருக்கும் எழுதப்பட்டவையல்ல என்பதே.

நமது மரபில் இந்தக் கேள்வி வேறொரு விதமாக எழுந்திருக்கிறது. ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்ற வரலாறு புகாரியில் பதிவாகியிருக்கிறது. பகலில் நோன்பும் இரவில் தொழுகையுமாக இருந்த அபூதர்தாவுக்கு, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள ஹக்குகளை ஸல்மான் எடுத்துச் சொன்னதையும், நபி (ஸல்) அவர்கள் அதனைச் சரிகண்டதையும் பயான்களில் நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். பயான்களில் அவ்வளவாக அழுத்தம் பெறாதது அவ்வரலாற்றின் தொடக்கம். ஸல்மான் முதலில் கண்டது, உம்முதர்தா (ரலி) அவர்களின் பேணப்படாத கோலத்தை. விசாரணை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒருவரின் நல்லமலுக்கு வீட்டில் இன்னொருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை ஓர் ஆடையைப் பார்த்து அவர் கண்டுகொண்டார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். வணக்கத்துக்கே இந்தக் கேள்வி உண்டென்றால், ஓட்டத்துக்கும் திரைச்சீலைக்கும் விலக்கு ஏது?

நேரத்துக்கு உரியவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், அதை விலைக்கு வாங்கிவிடலாமே என்ற விடையும் உடனே வந்து நிற்கும். தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் காலையில் வரச் சொன்னால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கும் சொன்னார்கள். அதைத் தொழிலாகச் செய்ய விரும்பும் வளர்ந்த ஒருவருக்கு நியாயமான சம்பளமும் ஓய்வும் கொடுத்து அமர்த்துவதில் குற்றமில்லை. ஆனால், விடியற்காலை ஐந்தரைக்கு என் வீட்டில் நிற்பவளின் பிள்ளை அந்நேரம் யாரிடம் நிற்கும்? மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கென அனுப்பப்பட்டோரில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். 2021 ஜூலையில், டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் தான் வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு மரணித்தபோது நாடே அதிர்ந்தது. அந்த வழக்கைப் பற்றி இங்கு நான் எதுவும் சொல்ல வரவில்லை. மலைநாட்டுச் சிறுமிகளின் மணித்தியாலங்கள் எவ்வளவு மலிவாகக் கைமாறி வந்தன என்பதே என் கவலை. ஒரு வீட்டின் ஒழுங்கும் ஓய்வும் இன்னொரு வீட்டின் பிள்ளைப் பருவத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்றால், அந்தச் சுவரின் நிறத்தைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் எனது ஓட்டத்துக்கான மணித்தியாலம் என் கணவருடையது. சுபஹ் தொழுத பின்னர் கடை திறக்கும்வரை அவர் உறங்கும் நேரம் அது. வாரத்தில் நான்கு நாட்கள் அந்த உறக்கத்தைத் தந்துவிட்டு மகளோடு இருக்கிறார். இதை உதவி என்று நாங்கள் சொல்வதில்லை. உதவி நன்றியோடு முடிந்துவிடும். கடனென்றால் திருப்பியாக வேண்டும், அதுவும் வாங்கிய அதே நாணயத்தில். உறக்கத்துக்கு ஈடாக ருசியான சமையல் என்பது ஈடாகாது. ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர் உறங்குகிறார். வீட்டில் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தக் கடனின் பாரம் தெரியும்.

வீட்டைப் பொறுத்தவரை ஒப்பந்தம் மகளோடு. தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை வீடு அவளுடையது. கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டுகளில் இருந்த பீங்கான் கோப்பைகள் மேலேறிவிட்டன. அங்கே இப்போது மரக்கட்டைகளும் ஒரு பழைய கேத்தலும் இருக்கின்றன. மூன்றடிக்குக் கீழே கழுவித் துடைக்கக்கூடிய வர்ணம். அதற்கு மேலே என் விருப்பம். பெருநாளைக்கு வருவோர் என்ன நினைப்பார்கள் என்று மாமி கவலைப்பட்டார். அந்தக் கவலையை அற்பமானதென்று நான் எண்ணவில்லை. முன்னறையை விருந்தாளிகளுக்காகப் பேணி வைப்பது எமது வழக்கத்தில் மரியாதையின் பாற்பட்டது. ஆனால், வருடத்தில் சில நாட்கள் வருபவரின் கண்ணுக்காக, மீதி நாட்களெல்லாம் அங்கு வாழ்பவளின் கையைத் தட்டிக்கொண்டிருப்பதையும் மரியாதை என்று சொல்ல முடியுமா?

இவ்வளவுக்குப் பின்னும் தீராத ஒன்று இருக்கிறது. கணவரின் உறக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். மகளிடமிருந்து எடுத்த காலை நேரத்தைத் திருப்ப முடியாது. அடுத்த வருடம் அதை வாங்கிக்கொள்ள மூன்று வயது மகள் இருக்கமாட்டாள். அவளிடம் சம்மதம் கேட்கவும் வழியில்லை. தாய் சந்தோஷமாக இருந்தால்தான் பிள்ளை நன்றாக வளரும் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கலாம். ஆனாலும் அதன் பின்னால் ஒதுங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பிள்ளைக்குப் பயன்படுகிறது என்பதற்காகவே தாயின் ஓட்டம் ஆகுமானது என்று அது சொல்லாமல் சொல்கிறது. நான் ஓடுவது எனக்காக. அப்படி வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும்போதுதான், எனக்காக இவ்வளவு எடுக்கலாம், இதற்கு மேல் கூடாது என்று ஓர் எல்லையையும் வகுக்க முடிகிறது. பிள்ளைக்காகத்தான் ஓடுகிறேன் என்று சொல்பவருக்கு அந்த எல்லை ஒருபோதும் தென்படாது. எனது எல்லை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம். மகளுக்குச் சுகமில்லாத நாளில் அதுவும் இல்லை.

மரதன் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ளும் ஆசை நெடுநாளாக உண்டு. 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அத்தூரத்துக்குத் தயாராவதென்றால், மூன்று நான்கு மாதங்கள் வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து ஓடவேண்டும். சனிக்கிழமைகளில் எனக்கு மேலதிக வகுப்பு. ஞாயிறோ தோட்டத்துச் சனம் நகருக்கு வரும் நாள். கடையில் கணவருக்கு நிமிர நேரமிராது. "ஞாயிறு கடைய விட்டுட்டு வர ஏலாது" என்றார் அவர். மாமிக்கு மூட்டுவலி, மூன்று மணித்தியாலம் பிள்ளையின் பின்னால் நடப்பது அவரால் ஆகாது. எனவே இப்போதைக்கு மரதன் இல்லை, 10 கிலோமீற்றரோடு நிற்கிறேன். இதைத் தியாகம் என்று எவரும் பாராட்டவேண்டியதில்லை. கடனாகக் கொடுப்பதற்கு எங்கள் வீட்டில் ஒருவரிடமும் அந்த மூன்று மணித்தியாலம் இல்லை, அவ்வளவுதான். மகள் முதலாம் வகுப்புக்குப் போகும் காலத்தில் நிலைமை மாறக்கூடும். அப்போது மறுபடியும் கேட்பேன். பதில் சொல்லக்கூடிய வயதில் அவளும் இருப்பாள், அவளிடமும் கேட்பேன்.