யார் வீட்டுப் பிள்ளை?

2022 மே மாதக் கடைசியில் இணையம் முழுக்க ஸ்வீடனை வைத்துச் செய்தார்கள். அடுத்தவர் வீட்டுக்குப் போனபோது நீங்கள் கண்ட விசித்திரமான வழக்கம் எது என்று ரெடிட்டில் ஒரு கேள்வி. ஒருவர் தன் சின்ன வயது நினைவைப் போட்டிருந்தார். ஸ்வீடன் நண்பன் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாராம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும், இவரை அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நண்பன் மட்டும் போய்ச் சாப்பிட்டு வந்தானாம். அவ்வளவுதான் விஷயம். ஸ்வீடன்கேட் என்று பெயர் வைத்து நாள்கணக்கில் ஓட்டினார்கள்.

அப்போது நானும் மனைவியும் நெதர்லாந்தில், ஐந்தோவனில் இருந்தோம். எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் பெருமை தாங்கவில்லை. வந்த பிள்ளைக்குச் சோறு போடாமல் அனுப்புவானா ஒரு மனுஷன்? நம்ம ஊராக இருந்தால் தட்டில் போட்டுக் கையில் திணித்திருப்பார்களே! ஸ்வீடன்காரர்கள் பாவம், விளக்கம் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு அதன் வீட்டில் சமைத்து வைத்திருப்பார்கள், இன்னொரு குடும்பத்தின் சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்கக் கூடாது, கேட்காமல் போட்டு அவர்களைக் கடன்பட வைக்கக் கூடாது என்றெல்லாம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கும் அந்த விளக்கம் ஒப்பவில்லை. பிள்ளையின் பசிக்கு முன்னால் என்ன கணக்கு?

நாலே மாதம். செப்டம்பரில் இன்னொரு வீடியோ வந்தது. எங்கள் தென்காசி மாவட்டம், சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளம். பள்ளிப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் திண்பண்டம் வாங்க நிற்கிறார்கள். உங்கள் தெரு ஆட்களுக்கு இனி எதுவும் கொடுக்கக் கூடாதென்று ஊர்க் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். பிள்ளைகள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். வீடியோவை எடுத்ததும் அவர்தான், பெருமையாக. பிறகு கைது, கடைக்குச் சீல், செய்திகள். நான் பிறந்த திருவேங்கடத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணத்தில் போய்விடலாம். எங்கள் வாட்ஸாப் குழுக்களில் அன்று பொன்னியின் செல்வன் டிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஸ்வீடன் வீட்டில் ஒரு பிள்ளைக்கு உபசாரம் கிடைக்கவில்லை. பாஞ்சாகுளத்துப் பிள்ளைகள் உபசாரம் எதுவும் கேட்கவில்லை, கையில் காசோடு நின்றார்கள். ஆனால் விருந்தோம்பலில் நாங்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று மே மாதத்தில் மார்தட்டியதற்கு செப்டம்பருக்குப் பிறகு என்ன பொருள்? வீட்டுக்கு வருகிறவருக்கு அள்ளிப் போடும் ஊர், கடைக்கு வருகிறவருக்கு விற்க மறுப்பது எப்படி? இந்தக் கேள்வியோடுதான் அதன் பிறகு நாங்கள் ஐரோப்பாவைச் சுற்றினோம். அதனால் சில நல்ல சாப்பாடுகள் கெட்டுப்போயின என்றும் சொல்ல வேண்டும்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியத்தில் புதிதாகப் புனையும் நூல் வகைக்கே அந்தப் பெயர். ஆக, விருந்தாளி என்றால் புதியவர், முன்பின் தெரியாதவர். நடைமுறையில் நாம் யாரை விருந்தாளி என்கிறோம்? மச்சான், சம்பந்தி, மாமா மகள், மிஞ்சினால் ஆபீஸ் நண்பர். எங்கள் பக்கம் தெரியாத ஆள் வீட்டு வாசலில் நின்றால் முதலில் வருவது தண்ணீர்ச் செம்பு அல்ல. “யாரு? எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?” என்ற விசாரணை. பதிலுக்குத் தக்கபடி செம்பா டம்ளரா, திண்ணையா உள்ளேயா என்பது முடிவாகும். உறவுக்காரப் பிள்ளையிடம் கேட்டால் அதே கேள்வி எவ்வளவு அன்பாக ஒலிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது ஒரு ஆச்சி கண்ணை இடுக்கிக்கொண்டு அப்படிக் கேட்டால்தான் எனக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

தத்துவத்தில் இது பழைய முடிச்சு. விருந்தோம்பல் பெயரைக் கேட்பதில் தொடங்குகிறதா, கேட்காமல் இருப்பதில் தொடங்குகிறதா என்று ழாக் தெரிதா கேட்டார். பெயர் கேட்காவிட்டால் வந்தவர் யாரோவாகவே இருந்துவிடுகிறார். கேட்டால், வரவேற்பு நிபந்தனையாகிவிடுகிறது. தெரிதாவுக்குப் பெயர் கேட்பதே சங்கடம் என்றால், தெருப் பெயர் கேட்கும் எங்கள் ஊரைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இந்தச் சங்கடத்திலிருந்து ஒரு பக்கவாட்டு வழியை 1760களின் பாரிஸ் கண்டுபிடித்தது. அதற்கு முன்பும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். ஆனால் குறித்த நேரத்தில், பொது மேசையில், போட்டதைத் தின்ன வேண்டும். வாடிக்கைக்காரர்கள் நல்ல துண்டுகளை முதலில் எடுத்துக்கொள்வார்கள். புதியவனுக்கு எலும்புதான். ரெஸ்டாரண்ட் என்ற சொல் அப்போது ஒரு சூப்பைக் குறித்தது, உடம்பு தேறக் குடிக்கும் தெம்புச் சாறு. நம்ம ஆட்டுக்கால் சூப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்ற கடைகள்தான் தனி மேசை, விருப்பப்பட்ட நேரம், விலை போட்ட பட்டியல் என்று கொண்டுவந்தன. பட்டியலில் விலையை அச்சடித்துவிட்டால், நீ யார் என்பதற்குத் தக்க விலை சொல்ல முடியாது. இது எனக்குப் பெரிய தார்மீகக் கண்டுபிடிப்பாகப் படுகிறது. ஏபிஐ எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இப்படித் தோன்றலாம். கேட்க வேண்டியதற்கு மேல் ஒரு தகவலும் கேட்காத இடைமுகம்தான் நல்ல இடைமுகம்.

இதற்கு நான் பாரிஸ் போயிருக்க வேண்டியதில்லை. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் இருக்கிறது. குற்றால சீசனில் ராத்திரி பத்து மணிக்கு அங்கே பரோட்டாவுக்கு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். லாரி டிரைவர், காலேஜ் பையன்கள், தலை ஈரம் காயாத குடும்பங்கள், கேரளத்திலிருந்து வந்தவர்கள். எழுந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டும். பக்கத்து இலைக்காரர் யாரென்று கேட்கப் பரோட்டா நேரம் கொடுக்காது. வாழ்க்கையில் முதல்முறையாக யாருடைய மகனாகவும் இல்லாமல் நான் சாப்பிட்டது அங்கேதான்.

அந்த வசதி தானாக வந்துவிடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்பது 1941 வரை இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளீஸ் கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகைக்கா என்று இன்றைக்குச் சிரிப்பவர்கள், அரசியலமைப்பின் 15ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கலாம். கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பொதுவாகச் சொன்னால் இந்த நாட்டுக்குப் புரியாது என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என் மனைவிக்கு இந்த விவாதத்தில் வேறு கணக்கு. அவளுக்கு ஊர் இலஞ்சி, குற்றாலத்துக்குப் பக்கம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வீடு சத்திரம்தான். ஸ்வீடன் கதையைப் படித்து நான் பொங்கியபோது அவள் சொன்னாள்: “நீங்க பாட்டுக்குப் பெருமை பேசுதீய. சீசன்ல எங்க அம்மா அருவியில குளிச்சு நான் பாத்ததே இல்ல. வாங்க வாங்கன்னு கூப்பிட்டது அப்பா. ராத்திரி பதினொன்னு வரைக்கும் தோசைக்கல்லு முன்னாடி நின்னது யாரு?”

இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். திருக்குறள் விருந்தோம்பலை இல்லறத்தின் நோக்கமாகவே வைக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைச் சொல்லும்போது விருந்தினரை எதிர்கொள்வதையும் சேர்த்துச் சொல்கிறாள். கணவன் வீட்டில் இல்லாவிட்டால் விருந்து வைக்கும் உரிமையும் இல்லை. அவன் வந்துவிட்டாலோ வேலை முழுக்க அவளுடையது. டச்சுக்காரர் வீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே தேதி குறித்துப் போகிறோம். ஆளுக்கொரு துண்டு மீன் எண்ணி வைத்திருப்பார்கள். எனக்கு அது கஞ்சத்தனம். அவளுக்கோ, அந்த வீட்டுப் பெண்ணும் எங்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டதுதான் கண்ணில் பட்டது.

நெதர்லாந்தில் டிக்கி என்றொரு செயலி. (நமக்குக் கார் டிக்கிதான் ஞாபகம் வரும்.) சேர்ந்து வெளியே சாப்பிட்டால், வீடு வந்து சேர்வதற்குள் உங்கள் பங்கு இத்தனை யூரோ இத்தனை சென்ட் என்று அதில் செய்தி வந்துவிடும். முதலில் அவமானமாக இருந்தது. ஊரில் பில்லுக்குக் கைகலப்பு நடத்தியல்லவா பழக்கம்? போகப் போக ஒன்று தெரிந்தது. பில்லுக்குச் சண்டை போடுகிறவர்கள் அதை மறப்பதேயில்லை. யார் யாருக்கு எப்போது செய்தார்கள் என்பது மொய் நோட்டில் இருக்கிறது, நோட்டு இல்லாவிட்டால் மனதில் இருக்கிறது. டிக்கி அன்றைக்கே கணக்கை முடித்துவிடுகிறது. எனக்கு இன்றும் அது பிடிக்கவில்லை. கடன் மிச்சமிருந்தால்தானே மறுபடி பார்க்கத் தோன்றும்?

ஐரோப்பாவைக் கோயிலாக்க நான் வரவில்லை. ஒரு நகரத்தில் முக்கால்வாசி காலியாகக் கிடந்த உணவகத்தில் எங்களைக் கழிப்பறைக் கதவோரம் உட்கார வைத்தார்கள். நிறத்துக்காகவா, முன்பதிவு செய்யாததற்காகவா? சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் அதையேதான் பேசினோம். என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லை. பெயர் கேட்காத மேசைக்குக் காசு வேண்டும், அந்த மேசை வரை வந்துசேர விசா வேண்டும். இம்மானுவேல் காண்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய கட்டுரையில், விருந்தோம்பலைக் கருணையாகப் பார்க்காமல் உரிமையாகப் பார்த்தார். பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது. ஆகவே அந்நிய மண்ணில் கால் வைப்பவனுக்கு, எதிரியாக நடத்தப்படாத உரிமை உண்டு. வீட்டு விருந்தாளியாகும் உரிமையை அவர் அதில் சேர்க்கவில்லை, வந்து போகும் உரிமையை மட்டும் தருகிறார். மத்தியதரைக் கடலில் படகோடு மூழ்குகிறவர்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

ஆனாலும் காண்ட் வைத்த வரிசையை நான் ஏற்கிறேன். முதலில் உரிமை, அதற்கு மேல்தான் உபசாரம். காசு கொடுத்தால் முறுக்கு கிடைக்கும் என்ற குறைந்தபட்சம் இல்லாத ஊரில், வீட்டுக்குள் படைக்கும் பதினாறு வகைக் கூட்டு நம்முடைய ஆட்களை நாமே கவனித்துக்கொள்வது மட்டும்தான். அதற்கு விருந்தோம்பல் என்ற பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே போன ஒரு பொங்கல் விழாவில், ஐந்தோவனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில், தட்டும் கையுமாக நின்றபோது ஒரு அண்ணாச்சி வந்தார். “தம்பிக்கு திருவேங்கடமா? அங்க எந்தப் பக்கம்?” பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன். “அது சரி, எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?” மனைவி இடையில் புகுந்து, “அண்ணாச்சி, வடை ஆறுது” என்றாள். ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் அந்தக் கேள்வி தன் தெருவைத் தேடிக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. படித்துக்கொண்டு வரும் உங்களில் சிலர் இந்நேரம் ஓர் ஊகத்துக்கு வந்திருப்பீர்கள்.

அதே கேள்வி பாரிஸ் லா ஷப்பெல்லில் வேறு மாதிரி வந்தது. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. மழைக்கு ஒதுங்கிய சின்னக் கடையில் கொத்து ரொட்டி கேட்டோம். “நீங்கள் இந்தியாவோ? எந்த இடம்?” என்றார் வயதான ஒருவர். குற்றாலம் பக்கம் என்றாள் மனைவி. “அருவி இருக்கிற இடம். இருங்கோ, சாப்பிடுங்கோ” என்று கேட்காமலே மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தார். ஊரை விட்டு ஓடிவந்தவர் ஊர்ப் பெயரைக் கேட்பதில் இருந்த ஏக்கத்தை அண்ணாச்சியின் விசாரணையோடு சேர்க்க மாட்டேன். யாழ்ப்பாணத்தார் தங்களுக்குள் ‘எந்த இடம்’ என்று கேட்கும்போது அதற்கும் ஒரு கூர்முனை உண்டு என்று பிறகு ஈழ நண்பர்கள் சொன்னார்கள். அன்று அந்த முனை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

நேப்பிள்ஸில் காஃபே சொஸ்பேசோ என்று ஒரு வழக்கம். ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுத்துப் போகலாம். பிறகு கையில் காசில்லாமல் வருகிறவர், மிச்சக் காபி இருக்கிறதா என்று கேட்டுக் குடிப்பார். கொடுத்தவருக்குக் குடித்தவர் யாரென்று தெரியாது. குடித்தவருக்குக் கொடுத்தவர் முகம் தெரியாது. நன்றி சொல்லவும் வழியில்லை, மொய் நோட்டில் எழுதவும் வழியில்லை. மனைவி ஒன்றுக்குக் காசு வைத்தாள். வெளியே வந்து நடக்கும்போது, ஊரில் இதைச் செய்ய முடியுமா என்று நான் கேட்டேன். கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

“செய்யலாம். ஆனா எந்த டம்ளர்ல குடுப்பான்னு நின்னு பாக்கணும்ல?”