கையெழுத்து யாருடையது?

ஒரு வார இதழின் சமையல் பக்கத்துக்கு வரும் கடிதங்களுக்கு நான்கு வருடம் பதில் எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது 23, கல்யாணம் ஆகவில்லை. பதிலுக்குக் கீழே அச்சான பெயரோ ஓர் அத்தையுடையது. பேரன் பேத்தி எடுத்தவர், பக்குவம் தெரிந்தவர் என்று வாசகிகள் நம்பிய அந்த அத்தை எங்கேயும் இருந்ததில்லை. சொல்லும் பக்குவம் சரியாக இருக்கிறதே, பெயரில் என்ன என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலையை விட்டுப் பல வருடம் கழித்து பெட்டி க்ராக்கரின் கதையைப் படித்தேன். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் கிராஸ்பி என்றொரு மாவு ஆலைக் கம்பெனி. 1878-ல் அவர்களுடைய பெரிய ஆலையில் மாவுத் தூசி தீப்பற்றி வெடித்து 18 தொழிலாளர்கள் மாண்டார்கள். இரண்டு வருடத்தில் சின்சினாட்டி கண்காட்சியில் அதே கம்பெனியின் மாவு தங்கப் பதக்கம் வாங்கியது. ‘கோல்ட் மெடல்’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1921-ல் பத்திரிகையில் ஒரு படப்புதிர் வெளியிட்டார்கள். துண்டுகளைச் சேர்த்து அனுப்பினால், மாவு மூட்டை வடிவத்தில் ஊசி குத்திவைக்கும் சின்னத் திண்டு பரிசு. சுமார் 30,000 விடைகள் வந்து குவிந்தன. கூடவே நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் அடுப்படிச் சந்தேகங்களையும் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

விளம்பரப் பிரிவில் இருந்தவர்கள் ஆண்கள். பதிலில் ஒரு பெண்ணின் கையெழுத்து இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஓய்வு பெற்ற இயக்குநர் ஒருவரின் பெயரிலிருந்து ‘க்ராக்கர்’, கேட்க இதமாக இருக்கட்டும் என்று ‘பெட்டி’. ஊழியப் பெண்களைக் கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஃப்ளாரன்ஸ் லிண்டெபெர்க் என்ற செயலாளர் போட்டது தேறியது. 1924-ல் பெட்டி வானொலியில் பேசினாள். 1936-ல் அவளுக்கு முகமும் வரைந்தாயிற்று. 1945-ல் ‘ஃபார்ச்சூன்’ இதழ், அமெரிக்கப் பெண்களில் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடியாகப் புகழ் பெற்றவள் இவள்தான் என்றது. 1950-ல் வந்த சிவப்பு அட்டைச் சமையல் புத்தகம் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. அந்தப் புத்தகத்துக்காகச் சோதனைச் சமையலறையில் கைவலிக்கப் பிசைந்த பெண்கள் எத்தனையோ பேர். அட்டையில் இருந்த பெயர் அவர்களில் யாருடையதும் இல்லை.

நம்மிடமும் இது உண்டே என்று தோன்றலாம். ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலத்தவர் பாடியிருக்கிறார்கள். அகத்தியர் பெயரில் எத்தனையோ பேர் வைத்திய நூல் எழுதிவைத்தார்கள். அவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே ஒரு பெரியவரின் காலடியில் வைத்துவிட்டுப் போனவர்கள் என்றே நான் நினைக்கிறேன். எங்கள் அத்தைக்கு வேறு காரணம் இருந்தது. எழுதுகிறவள் கல்யாணமாகிப் போய்விட்டாலும் வாசகி போய்விடக் கூடாது. அதற்குத்தான் அந்தப் பெயர். நானே ஒரு நாள் அப்படித்தான் போனேன். அடுத்த வாரமும் அத்தை பதில் எழுதினார்.

ஒரு கடிதத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர், ஓரத்தில் மஞ்சள் கறை. குக்கரில் மணல் பரப்பிக் கேக் செய்கிறேன், ஒவ்வொரு தடவையும் நடுவில் அமுங்கிப் போகிறது என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்தேன். முதல் தடவை ஆர்வம் தாங்காமல் இருபதாவது நிமிடம் மூடியைத் திறந்தேன். உப்பி நின்ற மாவு கண்ணெதிரே பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கியது. இரண்டாவது தடவை சோடா உப்பைக் குறைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, முக்கால் மணி நேரம் கை வைக்கவே இல்லை. அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. “அத்தை, பாப்பாவோட முதல் பிறந்தநாளுக்குக் கேக் நல்லா வந்துச்சு. எங்கம்மா இல்ல. அடுத்த மாசம் மெட்ராஸ் வர்றோம், பாப்பாவ உங்க கால்ல போட்டு ஆசீர்வாதம் வாங்கணும்.”

ஆசிரியரிடம் காட்டினேன். அத்தை வெளியூர் போயிருக்கிறார் என்று எழுதிவிடு என்றார். எழுதினேன்.

யாருக்கும் தீங்கு செய்யாத சொல்லே வாய்மை என்கிற வள்ளுவரின் அளவுகோலில் என் கேக் பக்குவம் தேறும். அந்தப் பெயரும்கூட ஒருவேளை தேறலாம். அந்த ஒற்றை வரி தேறாது. அத்தை என்று ஒருத்தி இல்லை, எழுதியது நான்தான், வாருங்கள் என்று எழுதியிருக்கலாம். வேலை போயிருக்கும். அந்தப் பெண்ணும் மனம் நொந்திருப்பார்; ஆனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். மாவு ஆலைக்கு வந்த கடிதங்களிலும் இப்படி ஒன்று இருந்திருக்கும். அதைப் பிரித்துப் படித்தவள் அன்று ராத்திரி எப்படித் தூங்கினாளோ.

அடுத்த மாதம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஒரே ஒரு கேள்விதான்: “அத்தை ஊர்லேர்ந்து வந்துட்டாங்களா?”