பழக்கமும் பொறுப்பும்: கொல்ஃப் வீச்சை முன்வைத்து ஒரு சிந்தனை

ஒரு செயலுக்கு ஒருவன் உரியவன் என்று நாம் கூறும்போது, அதைச் செய்த கணத்தில் அவனுடைய எண்ணமும் உடனிருந்தது என்று கொள்கிறோம். எண்ணிச் செய்ததைப் போற்றுகிறோம். எண்ணிச் செய்ததையே தண்டிக்கவும் செய்கிறோம். எண்ணாமற் செய்ததற்குப் புகழும் குறைவு, பழியும் குறைவு. ஐயத்துக்கு இடமற்றதாகத் தோன்றும் இக்கருத்து, தேர்ந்த விளையாட்டு வீரன் ஒருவனின் கைவீச்சின் முன் நிலைபெறுமா என்பதே என் கேள்வி.

கொல்ஃப் எமது பிரதேசத்து விளையாட்டன்று. 1879இல் கொழும்பிலும் 1889இல் நுவரெலியாவிலும் பிரித்தானியர் தமக்கென அமைத்த கழகங்களில் அது இலங்கையில் வேரூன்றியது. சுன்னாகத்துச் செம்மண் தோட்டங்களிடையே வளர்ந்த நான் அத்தகைய புற்றரை ஒன்றில் இதுவரை கால் வைத்ததில்லை. ஆயினும் அவ்விளையாட்டின் அடியைப் போல் நுணுகி அளக்கப்பட்ட மனித அசைவுகள் மிகச் சிலவே. என் கேள்விக்கு வேண்டிய அளவுகள் அங்கேதான் கிடைக்கின்றன.

பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரன் ஓங்கிய கோலைக் கீழ்நோக்கி வீசத் தொடங்கியதிலிருந்து அது பந்தைத் தொடும்வரை கழியும் நேரம் ஏறத்தாழக் கால் செக்கன். அப்போது கோலின் தலை மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர் வேகத்தை எட்டியிருக்கும். கோலும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருப்பதோ ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. கண் கண்டதற்குக் கை பதிலிறுக்க ஐந்திலொரு செக்கனாவது வேண்டும். ஆகவே, வீச்சுத் தொடங்கிய பின் எண்ணித் திருத்துவதற்கு நேரமே இல்லை. இவ்வளவு வேகம் தோள்வலியால் மட்டும் விளைவதும் அன்று. பாதம் நிலத்தை உதைக்க இடுப்பு முதலிற் சுழல்கிறது, இடுப்பின் வேகம் தணியத் தொடங்கும்போது மார்பு அதனை முந்துகிறது, பின்னர் கைகள், இறுதியிற் கோல். வல்லவனின் வலிமை இவ்வரிசையில்தான் இருக்கிறது. இவ்வரிசையை எவரும் எண்ணி எண்ணி இயக்குவதில்லை. 1985இலும் 1993இலும் மாஸ்ரர்ஸ் போட்டியை வென்ற பேர்ன்ஹாட் லாங்கர் போன்றவர்களே, சிறு தூரத்துக்குப் பந்தை உருட்டும் எளிய அடியில் கை நடுங்கித் தடுமாறிய காலங்கள் உண்டு. தன் கையையே உற்றுநோக்கும் மனம் கைக்குத் துணையாவதில்லை போலும்.

அவ்வாறாயின் அடித்தவன் யார்? நன்கு பழக்கப்பட்ட இயந்திரம் ஒன்று அடித்தது என்பது ஒரு விடை. இவ்விடை விளையாட்டோடு நிற்பதன்று. பழக்கத்தாலன்றி நற்பண்பு இல்லை என்றார் அரிஸ்டோட்டில். யாழ் வாசித்தே யாழ் வல்லவனாவது போல நீதி செய்தே நீதிமானாகிறோம் என்பது அவர் கருத்து. கான்ட் 1797இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் இதற்கு மாறாக எச்சரித்தார். அறம் வெறும் பழக்கமாகிவிட்டால் அதிற் சுதந்திரம் குன்றிவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உண்மை பேசிப் பேசி உண்மையன்றி வேறெதுவும் வாயில் வராதவனிடம், புகழத்தக்கதென எஞ்சுவது யாது?

இதற்கான விடைக்குரிய குறிப்பு மொஸ்கோவிலிருந்து கிடைக்கிறது. 1920களில் அங்கிருந்த மத்திய தொழில் நிறுவகத்தில் நிக்கலாய் பேர்ன்ஸ்ரைன் என்பவர், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளரின் உடலிற் சிறு விளக்குகளைப் பொருத்தி அவர்தம் அசைவுகளைப் படம்பிடித்தார். (கூடுதலான உழைப்பைப் பெறும் வழி தேடிய நிறுவகத்தில் தொழிலாளியின் அறிவு வெளிப்பட்டமை வேறொரு கட்டுரைக்குரியது.) சுத்தியல் சென்று சேரும் இடம் மாறவில்லை, ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சென்ற வழி ஒவ்வோர் அடியிலும் சிறிது வேறுபட்டது. ஒன்றில் நேர்ந்த பிசகை மற்றொன்று ஈடுசெய்தது. தேர்ந்த கை ஒரே அசைவைத் திருப்பிச் செய்வதில்லை. ஒரே பிரச்சினையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கிறது. 1949 பெப்ரவரியில் மோட்டார் வண்டி விபத்தில் இடுப்பெலும்பும் கணுக்காலும் முறிந்த பென் ஹோகன், பதினாறு மாதங்களின் பின் 1950 ஜூனில் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றார். உடல் முன்னைய உடலன்று. அடி மட்டும் அவருடையதாகவே இருந்தது.

நான் கண்ணாரக் கண்டதும் அதுவே. என் பாட்டனாரின் வலது முழங்கால் மடங்காது. இடக்காலில் உடலைத் தாங்கி, இடுப்பை ஒருபுறம் சரித்து அவர் மண்வெட்டியை வீசும் முறையை வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. ஆயினும் வெங்காயத்துக்கு அவர் கொத்திய தறையில் ஆழம் ஓரிடத்திலும் பிசகாது. எப்படி என்று ஒருநாள் கேட்டேன். நின்று யோசித்து இரண்டு முறை கொத்திக் காட்டினார், இரண்டும் பிழைத்தன. “யோசிச்சுக்கொண்டு கொத்தேலாது மோனை” என்றார்.

ஆகவே பழக்கம் குருடன்று. அது ஒரு நோக்கத்தைக் கைவிடாது பற்றிக்கொண்டிருப்பது. அந்த நோக்கம் யாருடையதோ, செயலும் அவருடையதே. 1925இல் அமெரிக்கத் திறந்த போட்டியில், வேறெவரும் காணாதபோது தம் பந்து சிறிது அசைந்ததெனக் கூறிப் பொபி ஜோன்ஸ் தம்மீது ஓர் அடித் தண்டம் விதித்துக்கொண்டார். ஆட்ட முடிவில் சமநிலை ஏற்பட, மேலதிக ஆட்டத்தில் அவர் தோற்றார். அந்த ஓரடி இல்லையெனில் வென்றிருப்பார். பிறர் புகழ்ந்தபோது அதில் என்ன இருக்கிறது என்பதே அவர் நிலை. அவர் மனப்போராட்டம் எதுவும் நடத்தவில்லை என்பதால் அச்செயலின் மதிப்பு எனக்குக் குறைந்து தோன்றவில்லை.

ஆனால் இவ்வாதத்துக்கு நாம் செலுத்தவேண்டிய விலையும் உண்டு. சென்ற ஆண்டு சந்தையில் எங்கள் வெங்காயத்தை நிறுத்த வியாபாரி ஒருவரின் விரல் தராசுத் தட்டின் விளிம்பை அடியிலிருந்து தாங்கியிருந்தது. சுட்டிக்காட்டினேன். “தெரியாமல் பட்டிட்டுது தம்பி” என்றார். அவர் முகத்திலிருந்த திகைப்பு உண்மையானதே. பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக அவ்விரல் தானாகவே அங்கு சென்றிருக்க வேண்டும். எனினும் வெறுந் தற்செயலாயின் அது சிலவேளை எங்கள் பக்கமாகவும் தவறியிருக்கும் அல்லவா? அன்று அவர் எமக்கு முன் மூவரிடம் வாங்கினார். சாக்கு பெரிதாயினும் சிறிதாயினும், தட்டு எப்பக்கம் ஆடினாலும், விரல் அதற்கேற்ப வளைந்து ஒரே பயனையே தேடியது. பாட்டனாரின் கொத்து அவருடையது என்று நான் சொல்வேனாயின், இவ்விரலும் இவருடையதே என்று சொல்லக் கடமைப்பட்டவன். அறியாமற் செய்தேன் என்பது அறியாமை பற்றிய உண்மையாகலாம். செயல் பற்றிய உண்மையாகாது.

பாட்டனார் சண்டை பிடிக்கவில்லை. இன்னொருமுறை நிறுக்கும்படி மட்டும் கேட்டார். தட்டு ஆடி அடங்கும்வரை அவ்வியாபாரி தம் இரு கைகளையும் முதுகின் பின்னே கோத்துக்கொண்டு நின்றார்.