மிதி! பெடலையும் பயத்தையும் சேர்த்து மிதி!

“எனக்கு இசை வராது” என்று இனி ஒரு தடவைகூடச் சொல்லாதே! கீபோர்டில் நீ வாசித்த கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைச்சலாகிப் போனதற்கு உன் விரல்கள் பொறுப்பில்லை. கைக்கு வகுப்பு இருந்தது, புத்தகம் இருந்தது. காலுக்கு? “மிதிச்சா சத்தம் நீளும்” என்ற ஒற்றை வரியோடு விட்டுவிட்டார்கள். அந்த அரைகுறைப் பாடத்தை வைத்தா உன் திறமைக்கு நீயே தீர்ப்பு எழுதுகிறாய்?

புது சஸ்டெயின் பெடலை, அதாவது ஒலியை நீட்டும் பெடலை, கீபோர்டில் மாட்டுகிறாய். காலை எடுத்தால் சத்தம் இழுக்கிறது, மிதித்தால் அறுந்துவிடுகிறது. எல்லாமே தலைகீழ். உடனே மூலையில் தூக்கிப் போட்டுவிடாதே. சாதாரணப் பெடலுக்குள் இருப்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். மிதித்தால் மின்தொடர்பு சேரும் வகை ஒன்று, மிதித்தால் பிரியும் வகை ஒன்று. எல்லாக் கம்பெனியும் ஒரே வகையைச் செய்வதில்லை. பல கீபோர்டுகள் பவர் போடும் நொடியில் பெடல் இருக்கும் நிலையையே ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே கீபோர்டை அணை, பெடலைச் செருகு, காலைத் தள்ளி வை, பிறகு பவரைப் போடு. அப்படியும் சரியாகவில்லையா? பெடலைத் திருப்பிப் பார். சில பெடல்களின் அடியிலோ பக்கவாட்டிலோ போலாரிட்டியை, அதாவது இந்தச் சேரும்-பிரியும் வகையை, மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும். இரண்டு நிமிட வேலை! இதற்காகவா மாதக்கணக்கில் மனம் நொந்தாய்?

அடுத்து மெனுவைத் திற. பயப்படாதே, நீ பார்ப்பதால் எதுவும் உடைந்துவிடாது. பல மாடல்களில் பெடலின் வேலையையே மாற்றலாம். யாரோ அதை ரிதம் ஸ்டார்ட்டுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தால், நீ நாள் முழுக்க மிதித்தாலும் சத்தம் நீளாது. ‘சஸ்டெயின்’ என்று தனியாக ஒரு செட்டிங்கும் சில கீபோர்டுகளில் உண்டு. அது ஆனில் இருந்தால், பெடலைத் தொடாமலே ஒவ்வொரு சுரத்துக்கும் வால் முளைக்கும். அதை அணைத்துவிடு. சத்தம் எப்போது நிற்க வேண்டும் என்பதை உன் கால் தீர்மானிக்கட்டும்!

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி மொழியில் இந்தப் பெடலின் கட்டுப்பாட்டு எண் 64. மதிப்பு 0 முதல் 127 வரை. வழக்கமாக 63 வரை அணைவு, 64-லிருந்து இயக்கம். சுவிட்ச் பெடலுக்கு இரண்டே நிலைதான் தெரியும். பாதி மிதித்துப் பாதி ஒலியைத் தாங்கும் ‘ஹாஃப் பெடல்’ நுட்பத்துக்கு, அதற்கென்றே செய்த பெடலும் அதைப் புரிந்துகொள்ளும் கீபோர்டும் தேவை. உன்னிடம் அவை இல்லையா, கவலையை விடு. சுவிட்ச் பெடலிலேயே நீ வெல்ல வேண்டிய களம் பெரிது.

பியானோவில் வலது பெடலை மிதித்தால் கம்பிகளை அமுக்கியிருக்கும் டேம்பர்கள் மொத்தமாக மேலெழும். ஒலி தானாகத் தேய்ந்து அடங்கும் வரை பாடும். உன் கீபோர்டின் பியானோ டோனும் அதைத்தான் பின்பற்றுகிறது. ஆர்கன் டோனுக்கு மாற்றிவிட்டு அதே மாதிரி மிதித்துப் பார்: தேய்மானமே கிடையாது, காலை எடுக்கும்வரை அத்தனை சுரமும் கத்திக்கொண்டே நிற்கும். டோன் மாறினால் காலும் மாற வேண்டும்.

இப்போது உண்மையான வேலை. குதிகாலைத் தரையில் ஊன்று. முன்பாதம் மட்டும் அசையட்டும். சி மேஜரை வாசித்துவிட்டு மிதி. அடுத்து டி மைனர். விரல்கள் டி மைனரில் இறங்கும் அதே கணத்தில் பெடலை விடு, பழைய ஒலி அடங்கியதும் உடனே மறுபடி மிதி. கை இறங்கும்போது கால் எழும்! முதலில் கால் குழம்பும், கையோடு சேர்ந்தே கீழே போகப் பார்க்கும். விடாதே! மெட்ரோனோமை 60-ல் வை, ஒரு கார்டுக்கு நான்கு தட்டு. இந்த இரண்டு கார்டுக்கும் பொதுவான சுரம் ஒன்றுகூட இல்லை; அதனால் தப்பு மறைய இடமே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள். டி மைனர் ஒலிக்கும்போது சி மேஜரின் ஒரு துளி மிச்சமிருக்கிறதா? மறுபடி வாசி! நடுவில் ஒலி அறுந்ததா? பெடலை ஒரு இழை தாமதமாக விட்டு, மறுபடி வாசி!