உந்துதலும் ஐந்து கட்டங்களும்

பள்ளிக்குச் சைக்கிளில் போக மாணவனுக்கு எவ்வளவு உந்துதல் இருக்கிறது என்று அளக்கிறார்கள். 'சைக்கிளில் போவது எனக்குப் பிடிக்கும்' என்று ஒரு வாக்கியம். எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். மனப்பாங்கை அளக்க 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் செய்துவைத்த ஏற்பாடு. கட்டங்களுக்கு எண் கொடுத்துக் கூட்டிச் சராசரி காண்பார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள இடைவெளிதான் நான்குக்கும் ஐந்துக்குமா என்ற கேள்வி பழையது; புள்ளியியல்காரர்களே கேட்டுச் சலித்துவிட்டார்கள். என் தொந்தரவு வேறு.

வீட்டில் கார் நிற்க, சைக்கிளை எடுக்கிற பையன் ஐந்தில் குறியிடுகிறான். பஸ் வராத ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் மிதிக்கிற பெண்ணும் ஐந்தில்தான் இடுகிறாள். அவன் சொல்வது விருப்பம். அவள் சொல்வது விருப்பமா, வேறு வழியின்மையா? இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்தும் இருக்கலாம். கூட்டலில் இருவரும் ஒன்று. நான் வங்கிக் குமாஸ்தா. வித்டிராயல் பாரத்தில் தொகைக்கு இடம் உண்டு, காரணத்துக்குக் கிடையாது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

டெசியும் ரயனும் உந்துதலின் அளவைவிட அதன் வகையைப் பார்க்கச் சொன்னார்கள்: பயத்தால், குற்றவுணர்வால், பயன் கருதி, செயலின் இன்பத்துக்காகவே. நல்ல பகுப்பு. ஆனால் எல்லாமே மாணவனின் மனசுக்குள் தேடப்படுகின்றன. சாலை மனசுக்குள் இல்லை. மதிப்பெண் குறைந்தால் திருத்த வேண்டியது பையனை என்றாகிறது. லாரிகள் பறக்கும் சாலை தப்பித்துக்கொள்கிறது. இந்த அளவையில் எனக்கு நெருடுவது இதுதான், கணிதம் அல்ல.

2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது. கூடியது பெரும்பாலும் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கிராமங்களில். அவர்கள் ஆசைக்கு மதிப்பெண் போடவில்லை, தூரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

தூரமும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தையொட்டிப் புதுக்கோட்டையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கற்பதற்கு முன்பு அவர்களிடம் ஐந்து கட்டப் படிவத்தை நீட்டியிருந்தால்? பொம்பளை சைக்கிள் விடுவதாவது என்று சிரித்துக்கொண்டே பலர் கடைசிக் கட்டத்தைக் காட்டியிருப்பார்கள், பொய்யாக அல்ல. மிதித்த பிறகு வந்த ஆசைக்கு மிதிப்பதற்கு முன்பு அளவு ஏது? அந்தச் சராசரியை வைத்து, இவர்களுக்கு ஆர்வமில்லை, செலவு வேண்டாம் என்று ஓர் அதிகாரி குறிப்பெழுதியிருக்கலாம். அதில் ஒரு கூட்டல் பிழைகூட இருந்திருக்காது.